தோட்டமும் அடுக்களையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிக்காலத்தில் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே கசிந்து நிலத்தடியிற் தேங்குகின்றது. அந்நீரே நம் கிணறுகளுக்கு முதல். அம்மழையோ இப்பொழுது முறைதவறி நிற்கின்றது. 2008 கார்த்திகையில் ‘நிஷா’ புயலோடு வந்த பெருமழை வயல்களை மூழ்கடித்தது. 2016-17 காலபோகத்திலோ வறட்சி நாடெங்கும் நெல்லைக் கருக்கியது.

மானாவாரி நெல்லை நம்பிய குடும்பங்கள் இந்நிலையில் வாளாவிருக்கவில்லை. செம்மண் தோட்டத்திற் கிணற்றுநீர் பாய்ச்சி, வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பணம் காண முயல்கின்றன. இது அறிவுடைய முயற்சியே. ஆயினும், அதனால் அடுக்களைக்கு வந்தது யாது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தியின் மதியச் சோற்றுப்பொதியைக் கண்டேன். சோறும் சம்பலுமே இருந்தன. அவள் தந்தையார் ஊரறிந்த உழைப்பாளி. தோட்டம் முழுவதும் வெங்காயம். “முட்டை, பயறு ஒன்றும் இல்லையோ, பிள்ளை?” என்றேன். “வெங்காயம் விலைப்பட்டால் அம்மா வாங்குவா, சேர்” என்றாள். அவ்விடை என்னை வருத்தியது. விலை சரியும்போது குடும்பம் சோற்றைக் குறைப்பதில்லை; சோற்றோடு சேரும் முட்டையையும் மீனையும் பருப்பையுமே முதலிற் குறைக்கின்றது. வயிறு நிரம்பும், வளரும் உடலோ வாடும்.

என் தாயார் காலத்தில் நெல் அறுத்த வயலின் எஞ்சிய ஈரத்திலே பயறும் உளுந்தும் விதைப்பர். வேலியில் முருங்கை நின்றது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கிச் சேமித்தனர். கூழ் காய்ச்சும் நாளில் ஒடியல்மாவோடு மீனும், பயிற்றங்காயும், முருங்கையிலையும், பலாக்கொட்டையும் ஒரே பானையிற் சேர்ந்தன. அக்காலத்திலும் வறுமை இருந்தது. அதனை நான் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு பயிர் பொய்த்தால் மற்றொன்று கைகொடுத்தது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் நன்னீரின் அடியிலே உவர்நீர் கிடக்கின்றது. இயந்திரத்தால் அளவிறந்து இறைப்போமாயின் அது மேலெழும். அதன்பின் வெங்காயமும் இல்லை; குடிநீரும் இல்லை.

ஆகவே, பழமைக்குத் திரும்புங்கள் என்று யான் கூறவில்லை. வெங்காயம் விளையட்டும். காணியின் ஒரு மூலையைப் பயற்றுக்கும் குரக்கனுக்கும் கீரைக்கும் விடுங்கள். முற்றத்தில் நான்கு கோழிகள் நிற்கட்டும். ஒடியல் செய்யும் கைப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். விளைச்சலைக் கணக்கிடும்போது சந்தையில் வந்த பணத்தோடு பிள்ளையின் சோற்றுப்பொதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.