சேற்றுக் கூடலில் எழுந்த கலைநகர்

கோலாலம்பூர் என்னும் மலாய்ப் பெயருக்குச் சேறு நிறைந்த ஆற்றுக்கூடல் என்று பொருள் கூறுவர். கோம்பாக், கிள்ளான் ஆகிய இரண்டு ஆறுகளும் கலக்கும் இடமே அது. 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே 87 சீனத் தொழிலாளர் இங்கு வந்திறங்கினர். காட்டுக் காய்ச்சல் வாட்ட, ஒரு திங்களுக்குள் 18 பேரே எஞ்சினர் என்பர். எனினும் ஊர் வளர்ந்தது; 1880இல் கிள்ளானுக்குப் பதிலாகச் சிலாங்கூரின் தலைநகராயிற்று.

மறு ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகளை அழித்தன. பின்னர்ச் செங்கற் கட்டடங்கள் எழலாயின. அவற்றுக்குக் கல் அறுத்த களமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் இட்டும் பட்டறைகளில் உழைத்தும் தமிழகத்தார் அதனை இயக்கினர். யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினர். இவர்கள் குடியேறியதால் பிரிக்பீல்ட்ஸ் தமிழ் மணக்கும் பகுதியாயிற்று. பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001 முதல் சென்ட்ரல் நிலையம் இயங்குகிறது. ஆயினும் பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் கோயில் மணியோசையும் அங்கு இன்றும் மாறவில்லை.

இதற்குச் சற்றுத் தொலைவில், பந்தாய்ப் பள்ளத்தாக்கில் இருப்பது மலாயாப் பல்கலைக்கழகம். 1949இல் சிங்கப்பூரில் பிறந்த அது, 1959இல் கோலாலம்பூரில் ஒரு பிரிவைத் தொடங்கியது. 1962இல் அப்பிரிவே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குள்ள இந்திய ஆய்வியல் துறையின் வரலாறு தமிழர் அறியத்தக்கது. அத்துறையில் முதன்மை பெற வேண்டியது தமிழா, வடமொழியா என்ற வினா 1950களில் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் திரட்டினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோர் தந்த சிறு காசுகள் துறையின் நூலகத்தில் தமிழ் நூல்களாயின. 1961இல் தனிநாயகம் அடிகளார் துறைத் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இந்நகரிலேயே கூடியது.

நகரைச் சூழ்ந்த காடு இன்று பெரிதும் குறுகிவிட்டது. ஆயினும் பல்கலைக்கழக வளாகத்தில் 1974இல் தொடங்கிய தாவரத் தோட்டம் அந்தக் காட்டை நினைவூட்டுகிறது. 'ரிம்பா இல்மு' என்பது அதன் பெயர். அறிவுக்காடு என்று பொருள். காட்டை அழித்து எழுந்த நகர், காட்டின் அருமையைத் தன் மாணாக்கருக்கு அங்கே கற்பிக்கிறது. கூலிக்கு உழைத்தவர் கொடுத்த காசில் வாங்கிய நூல்களோ, அவர்தம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் உரிமைச் சொத்தாயின.