புலியை மிஞ்சும் எறும்பு

பாய்ச்சலின் ரகசியம் தசையில் இல்லை, பொறியில் இருக்கிறது

வண்டிப்பெரியாரைத் தாண்டித் தேக்கடிக்குச் செல்லும் பயணிகளின் கண்கள் புலியைத் தேடுகின்றன. பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான். ஆனால் புலியைவிட வேகமாகத் தாக்கும் வேட்டைக்காரர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சருகுக்கு அடியிலேயே குடியிருக்கிறார்கள். சுமார் அரை சென்டிமீட்டர் நீளமே உள்ள அனோகீட்டஸ் எறும்புகள் அவை.

இவற்றின் நீண்ட தாடைகள் எலிப்பொறிபோல வேலை செய்கின்றன. 180 டிகிரிக்கு விரிந்து, பூட்டிக்கொண்டு நிற்கும். தாடையின் உட்புறமுள்ள மெல்லிய மயிர்களில் இரை பட்டால் போதும், படாரென்று மூடும்.

எவ்வளவு வேகம்? இவற்றின் நெருங்கிய உறவான ஒடொன்டோமேக்கஸ் எறும்பை அமெரிக்க விஞ்ஞானி ஷீலா படேக்கின் குழு நொடிக்கு 50,000 படங்கள் எடுக்கும் கேமராவில் பதிவு செய்தது. 2006இல் வெளியான முடிவு: தாடை மூட ஆகும் நேரம் சராசரியாக 0.13 மில்லிநொடி. வேகம் மணிக்கு 126 முதல் 230 கி.மீ. வரை. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் மூடலாம்.

எந்தத் தசையாலும் இத்தனை விரைவாகச் சுருங்க முடியாது. அதனால் எறும்பு வில்லாளியின் வழியைப் பின்பற்றுகிறது. வில்லை நிதானமாகத்தான் வளைக்க வேண்டும். அம்பு பாய்வதோ நொடிப்பொழுதில். தலைக்குள் இருக்கும் பெரிய தசை மெதுவாக இழுக்க, தசைநாரும் தலையோடும் வில்லாக வளைந்து சக்தியைச் சேமிக்கின்றன. பூட்டு விலகியதும் சேமிப்பு முழுவதும் ஒரே வீச்சில் செலவாகிறது. தெள்ளுப்பூச்சி துள்ளுவதும் இதே தத்துவத்தில்தான்.

இதே மலைகளில் வேறு வழியில் பாயும் எறும்பும் உண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851இல் விவரித்த தாவும் எறும்பு அது. நடுக்கால்களையும் பின்கால்களையும் ஒருசேர உதைத்துச் சில அங்குலம் எகிறும்.

ஒடொன்டோமேக்கஸுக்கோ தாவுவதற்கும் தாடையே போதும். தாடையைத் தரையில் அறைந்தால் உடலே பின்னோக்கி எகிறிவிடும். இது வெறும் வித்தை அல்ல. மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் குழிநரியிடம் (மலையாளத்தில் குழியானை) சிக்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சில எறும்புகளின் தாடைகளைப் பசையால் ஒட்டி, குழியில் விட்டுப் பார்த்தார்கள். பிழைத்தவற்றின் விகிதம் பாதியாகக் குறைந்தது.

அனோகீட்டஸுக்கு வீடும் வேட்டைக்களமும் சருகும் மக்கிய மரமும்தான். தரையைக் கூட்டிப் பெருக்கி எரித்தால் இரண்டும் போய்விடும். அந்த ஆபத்திலிருந்து எகிறித் தப்ப எந்தத் தாடையாலும் முடியாது.