எக்ஸ்ரே, சிடி ஸ்கேன்: உடலுக்குள் நடப்பது என்ன, நம் உரிமை என்ன?

"எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம் டாக்டர்" என்று நாமே கேட்கும் காலம் இது. கதிர்வீச்சு என்றதும் பயந்து, அவசியமான பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. கதிர் உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

உடைப்பது யார்?

எக்ஸ்ரே கதிர் திசுவிலுள்ள அணுக்களில் மோதி எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகிறது. அவை போகும் வழியில் மற்ற மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிடுங்குகின்றன. பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் திசுவில் படிந்தால், சுமார் 40,000 எலக்ட்ரான்கள் இப்படிப் பிறக்கும். பெரும்பாலானவற்றின் ஆற்றல் 30 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவு.

இவ்வளவு குறைந்த ஆற்றலால் டிஎன்ஏவுக்குப் பெரிய கேடு வராது என்ற எண்ணமே முன்பு இருந்தது. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. 3 முதல் 20 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் பட்டதும் டிஎன்ஏவின் ஓர் இழை மட்டுமல்ல, சில இடங்களில் இரண்டு இழைகளுமே அறுந்தன. 3 எலக்ட்ரான்வோல்ட் என்பது ஊதா நிற ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல்தான்.

வேகம் குறைந்த எலக்ட்ரான் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. மூலக்கூறு நொடிப்பொழுதுக்கும் குறைவாக எதிர்மின் அயனியாகிறது. கூடுதலாக வந்த எலக்ட்ரான் அணுக்களுக்கிடையேயான பிணைப்பைத் தளர்த்த, மூலக்கூறு இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த துண்டுகள் பக்கத்திலுள்ள மூலக்கூறுகளையும் தாக்கக்கூடியவை.

அந்த ஆய்வு வெற்றிடத்தில், உலர்ந்த டிஎன்ஏவில் நடந்தது. உயிருள்ள செல்லில் நீர் சூழ்ந்திருக்கிறது; பழுதுபார்க்கும் நொதிகளும் இருக்கின்றன. ஓர் இழை அறுந்தால், மற்ற இழையைப் பார்த்து செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் அறுந்தால் பழுதுபார்ப்பில் பிழை நேரலாம். பின்னாளில் புற்றுநோய்க்கு அது வித்தாகலாம்.

எவ்வளவு கதிர்?

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சிடி ஸ்கேனில் ஏறத்தாழ 8. ஒரு சிடியால் தனிமனிதருக்கு வரும் ஆபத்து மிகச் சிறியது; அவசியமான இடத்தில் அதன் பயன் பல மடங்கு பெரியது. தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். வளரும் செல்கள் என்பதால் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இந்தக் கதிர் கிடையாது.

கேட்கும் உரிமை

- இந்த ஸ்கேன் எதற்கு, இதன் முடிவால் சிகிச்சை மாறுமா, அல்ட்ராசவுண்ட் போதாதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
- பழைய ஃபிலிம்களையும் ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். அதையே மீண்டும் எடுக்கவேண்டியிருக்காது.
- கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.
- எக்ஸ்ரே அறையில் தேவையற்றவர்கள் நிற்கக் கூடாது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள நீங்கள் உள்ளே இருக்கவேண்டுமென்றால் ஈய உடுப்பைக் கேட்டு வாங்குங்கள்.
- இந்தியாவில் எக்ஸ்ரே, சிடி கருவிகளை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேட்கலாம்.

தவறு நடந்தால்

உரிமமின்மை, பாதுகாப்புக் குறைபாடு ஆகியவை பற்றி மும்பையில் தலைமையகமுள்ள அந்த வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். கட்டணம் செலுத்திப் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சேவைக் குறைபாட்டால் பாதிக்கப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரசீது, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவர் அவசியம் என்று சொல்லும் ஸ்கேனை மறுக்காதீர்கள். அவசியமில்லாத ஸ்கேனை நீங்களாகக் கேட்காதீர்கள். காரணம் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. அது உங்கள் உரிமை.