பித்தளை வில்லையின் பொன்னிறம்

பித்தளைப் பாத்திரம் என்றால் அது பளபளக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த எண்ணம். வெள்ளிக்கிழமையானால் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு குத்துவிளக்கைத் துலக்குகிறோம். கறுத்துக் கிடந்த விளக்கு தங்கம் போல் மின்னுகிறது. இந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் விளக்குக்கு நன்மை செய்யும் இதே புளி, வேறொரு பித்தளைப் பொருளை ஒரே நாளில் பாழாக்கிவிடும். அந்தப் பொருள் பழங்காலக் காமிராவின் பித்தளை வில்லை. அதன் பொன்னிறம் எங்கிருந்து வந்தது, அதை ஏன் தேய்க்கக் கூடாது என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், டாகேர் என்பவர் கண்டறிந்த படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போதைய வில்லைகள் ஒளியை மிகக் குறைவாகவே உள்ளே விட்டன. ஒரு மனிதரைப் படமெடுக்க வேண்டுமானால் அவர் வெயிலில் பல நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசப் பெட்ஸ்வால். அவர் கணக்கிட்டுத் தந்த வில்லையை 1840இல் அதே நகரத்தின் வோய்க்லாண்டர் தொழிற்சாலை செய்து கொடுத்தது. அது பழைய வில்லையைப்போல் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. மனித முகத்தைப் படமெடுப்பது ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு அந்த வில்லை பெருந்துணை செய்தது. பிறகு இலண்டனில் ராஸ், டால்மேயர், பாரிஸில் டார்லோ, எர்மாஜிஸ் முதலானோரும் இத்தொழிலில் புகழ் பெற்றார்கள்.

கண்ணாடித் துண்டுகளைத் தாங்கும் குழலுக்குப் பித்தளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு செம்பு இருக்கும். அது இரும்பைப்போல் துருப்பிடிக்காது. கடைசல் இயந்திரத்தில் வைத்தால் எளிதாகக் கடையலாம். மயிரிழை போன்ற நுண்ணிய திருகுமரையும் அதில் சுத்தமாக விழும். வில்லையின் கண்ணாடிகள் இம்மியும் விலகாமல் நிற்க வேண்டுமென்பதால் இந்தக் குணங்கள் மிகவும் தேவைப்பட்டன.

ஆனால் பித்தளைக்கு ஒரு குறை உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் அது மங்கிக் கறுத்துவிடும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் தடம் அப்படியே பதிந்துவிடும். இதைத் தடுக்கக் கைவினைஞர்கள் ஒரு மெல்லிய பூச்சைப் பூசினார்கள். நேயர்களே, நாம் பழைய வில்லையில் காணும் பொன்னிறம் வெறும் பித்தளையின் நிறமன்று. அந்தப் பூச்சும் பித்தளையும் சேர்ந்து தரும் நிறம் அது.

பூச்சின் முதற்பொருள் அரக்கு. இந்தியாவில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒருவகைச் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அரக்கைச் சுரக்கின்றன. அதைச் சுரண்டி, உருக்கி, வடிகட்டி, மெல்லிய தகடுகளாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைச் சாராயச் சத்தில் கரைத்துப் பூச்சு தயாரித்தார்கள். அதற்குப் பொன்னிறம் ஏற்றப் பல இயற்கைச் சாயங்கள் உதவின. நம் சமையலறை மஞ்சள் அவற்றில் ஒன்று. கம்போடியா, சயாம் பக்கத்திலிருந்து போன ஒரு மஞ்சள் பிசின் இன்னொன்று. செம்மை தருவதற்கு 'டிராகன் இரத்தம்' என்ற சிவப்புப் பிசினைச் சேர்த்தார்கள்.

அந்தப் பிசினின் பெயரைக் கேட்டு வியப்படைய வேண்டாம். அதில் பெரும்பகுதி நம் வட்டாரத்துக் காடுகளிலிருந்தே போயிற்று. சுமத்திரா, போர்னியோ, மலாய்த் தீபகற்பம் ஆகிய இடங்களில் ஒருவகை ரோத்தான் கொடி வளர்கிறது. அதன் காய்களின் செதில் மேல் சிவப்புப் பிசின் படிந்திருக்கும். மலாய் மொழியில் அதை 'ஜெர்னாங்' என்பார்கள். காட்டுவாழ் மக்கள் காய்களைப் பறித்து, குலுக்கி, அந்தப் பிசினைச் சேகரித்து விற்றார்கள். இந்தியக் கிளையில் ஊறிய அரக்கும், நம் பக்கத்துக் காட்டு ரோத்தானின் பிசினும் இலண்டன் பட்டறையில் ஒன்றுசேர்ந்து வில்லைக்கு அழகு தந்தன. அந்த அழகுக்குப் பின்னால் இந்தக் காட்டு மக்களின் உழைப்பும் இருக்கிறது.

பூசும் முறையும் எளிதன்று. முதலில் குழலை நுண்ணிய பொடியால் மெருகேற்றி, கைரேகை ஏதுமில்லாமல் துடைப்பார்கள். பிறகு அதை ஏறத்தாழக் கொதிநீரின் அளவுக்குச் சூடாக்குவார்கள். மென்மயிர்த் தட்டைத் தூரிகையில் சிறிதே பூச்சை எடுத்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் பூசுவார்கள். சூட்டில் சாராயச் சத்து உடனே ஆவியாகிவிடும். அரக்கும் சாயமும் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். பூசிய இடத்தில் மறுபடி தூரிகை பட்டால் கோடு விழும். சூடு குறைந்தால் பூச்சு மங்கும்; மிகுந்தால் கருகும். இதற்கெல்லாம் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

வெளியே பொன்னிறம் என்றால் உள்ளே கறுப்பு. குழலின் உட்புறம் பளபளத்தால், அங்கே பட்டுத் திரும்பும் ஒளி படத்தை வெளுக்கச் செய்துவிடும். ஆகவே உட்புறத்துக்கு விளக்குப் புகைக்கரி கலந்த மங்கலான கறுப்பைப் பூசினார்கள். செய்தவரின் பெயரையும் ஊரையும் வரிசை எண்ணையும் வெளியே செதுக்கி, அந்த எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு மெழுகை நிரப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நிக்கல் முலாமும் கறுப்புப் பூச்சும் பெருகத் தொடங்கின. பொன்னிறப் பித்தளை மெல்ல மெல்ல மறைந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். விளக்கைத் தேய்க்கலாம், வில்லையைத் தேய்க்கக் கூடாது என்பது ஏன்? குத்துவிளக்கின் மேல் பூச்சு எதுவும் இல்லை. எண்ணெயும் புகையும் படிவதும், பிறகு துலக்குவதும் அதன் வாழ்க்கையோடு சேர்ந்தவை. புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. அடியிலுள்ள உலோகம் தெரிகிறது. வில்லைக்கோ பூச்சுத்தான் சட்டை. சாம்பலும் சலவைச் சோடாவும் காரத்தன்மை உள்ளவை. அவை அரக்கைக் கரைத்துவிடும். ஸ்பிரிட்டும் கரைத்துவிடும். டின்னில் விற்கும் பித்தளை பாலிஷில் நுண்ணிய தேய்ப்புப் பொடி உண்டு; அது பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சு போனபின் வில்லை சில நாட்கள் மஞ்சளாக மின்னும். பிறகு காற்றுப்பட்டு மங்கும். மங்கியதை மீண்டும் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்கச் செதுக்கிய எழுத்துகள் ஆழம் குறையும், கறுப்பு மெழுகும் வெளியேறும். வரிசை எண் அழிந்துவிட்டால், அந்த வில்லை எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கும் முக்கியமான வழி அடைபட்டுப் போகும்.

இதனால் பண நட்டமும் உண்டு. பழம்பொருள் சேர்ப்போரும் அரும்பொருளகத்தாரும் பழைய பூச்சு உள்ள வில்லையையே விரும்புகிறார்கள். அங்கங்கே தேய்ந்து, பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தாலும் அதையே உயர்வாக மதிக்கிறார்கள். புத்தம் புதிது போலத் தேய்த்து வைத்ததற்கு மதிப்புக் குறைவு. மூடிவிட்ட பழைய படக்கடையிலிருந்தோ, ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுச் சென்ற சாமான்களிலிருந்தோ இத்தகைய பொருள் ஒன்று யார் வீட்டிலும் இருக்கலாம். விற்பதற்கு முன் அழகுபடுத்துவோம் என்று நினைத்து, அதன் மதிப்பை நம் கையாலேயே தேய்த்துக் கழுவிவிடக் கூடாது.

பூச்சு இருக்கிறதா என்று எப்படி அறிவது? பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் அதிகம் படும் திருகுப்பிடி, விளிம்பு ஆகிய இடங்கள் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். விரல் படாத மூலைகளில் தேன் கலந்தாற்போன்ற ஒரே சீரான பொன்னிறம் தெரியும். இரண்டுக்கும் இடையே ஒரு கரை தெரிந்தால், அது பெரும்பாலும் பழைய பூச்சின் எல்லையே.

அப்படிப்பட்ட பொருளை மென்மையான உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். இடுக்குகளுக்கு மென்மயிர்த் தூரிகை போதும். அழுக்கு ஒட்டியிருந்தால், தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைக்கலாம். வெயிலில் காயவைக்க வேண்டாம். பல வில்லைகளில் இரண்டு கண்ணாடிகளை ஒருவகை மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். சூடு பட்டால் அது இளகிவிடும்.

நம் நாட்டின் ஈரக்காற்றில் இன்னொரு பகையும் உண்டு. அது பூஞ்சணம். கண்ணாடியில் சிலந்தி வலைபோல் படர்ந்து, நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். தோல் பைக்குள் மூடி வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். மூடி இறுகப் பொருந்தும் பெட்டியில், மருந்துப் புட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் மணிப்பொட்டலங்களுடன் வைத்தால் நல்லது. அந்தப் பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாமலும் வைக்க வேண்டும்.

இது காமிராவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய நில அளவைக் கருவி, நுண்ணோக்கி, தொலைநோக்கி ஆகியவற்றின் பித்தளைக்கும் பெரும்பாலும் இதே அரக்குப் பூச்சுத்தான். எனவே அடுத்த முறை ஒரு பழைய பித்தளைப் பொருள் கைக்குக் கிடைத்தால், புளியைத் தேடுமுன் அதைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பூச்சு இல்லாவிட்டால் நாளைக்குக்கூடத் துலக்கிக்கொள்ளலாம். இருக்கிற பூச்சைத் துலக்கிப் போக்கிவிட்டால், அதே பழைய பூச்சை எவராலும் திருப்பித் தர முடியாது.