பெலெம் நகரத்து மல்லாசிரியர்

மும்பையின் உடற்பயிற்சிக் கூடங்கள் சிலவற்றில் மெத்தை விரித்த தரையில் இருவர் கட்டிப் புரண்டு பயிலும் ஒரு மற்போர்க் கலையைக் காணலாம். அதன் பெயர் பிரேசிலிய ஜியு-ஜிட்சு. ஜியு-ஜிட்சு என்பது ஜப்பானியச் சொல். பிரேசிலோ உலகின் மறுபுறத்தில், தென் அமெரிக்காவில் உள்ள நாடு. ஒரு நாட்டின் கலைக்கு மற்றொரு நாட்டின் பெயர் அடைமொழியானது எவ்வாறு? அதற்கான விடை மிட்சுயோ மயேதா என்னும் ஆசிரியரின் வாழ்க்கையில் உள்ளது.

மற்போர் தமிழருக்குப் புதிதன்று. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பெயர் பெற்றான்; மாமல்லபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மும்பை சிவாஜி பார்க்கில் சிறுவர் சிறுமியர் ஏறிப் பழகும் மல்லகம்பமும் மல்லர்களின் உடற்பயிற்சியாகத் தோன்றியதே. ஜப்பானில் போர்வீரர் பயின்ற ஆயுதமில்லாப் போர்முறை ஜியு-ஜிட்சு எனப்பட்டது. 'ஜியு' என்றால் வளைந்து கொடுத்தல். 'ஜிட்சு' என்றால் கலை. எதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல், அவனுடைய விசையையே பயன்படுத்தி அவனை வீழ்த்துவது இதன் அடிப்படை. கானோ ஜிகோரோ என்னும் கல்வியாளர் இக்கலையில் உயிருக்கு ஊறு விளைவிக்கும் பிடிகளை நீக்கி, 1882ஆம் ஆண்டு தோக்கியோவில் 'கோடோகான்' என்னும் பள்ளியை நிறுவினார். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ஜூடோ. ஆயினும் வெளிநாட்டினர் நெடுங்காலம் அதனையும் ஜியு-ஜிட்சு என்றே அழைத்து வந்தனர். பிரேசிலில் அப்பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மயேதா 1878இல் ஜப்பானின் வடபகுதியில் பிறந்தவர். ஐந்தரை அடி உயரத்தை எட்டாதவர். கோடோகானில் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே சிறந்த வீரர்களுள் ஒருவராக விளங்கினார். 1904இல், மூத்த ஆசிரியர் தோமிதாவுடன் அமெரிக்காவுக்குச் சென்றார். கலையைக் கற்பிப்பதே பயணத்தின் நோக்கம். கல்லூரிகளிலும் படைப்பயிற்சிப் பள்ளியிலும் செய்முறை விளக்கங்கள் நடைபெற்றன; ஆனால் நிலையாகக் கற்க வந்தோர் சிலரே. பிழைக்க வேண்டுமே! மயேதா அரங்க மேடைகளில் பணத்திற்காக மற்போர் செய்யத் தொடங்கினார். கானோ விரும்பாத வழி அது. எனினும் அந்த மேடைகள் கோடோகானில் கிடைக்காத பாடங்களை அவருக்குக் கற்பித்தன எனலாம். குத்துச்சண்டை வீரரையும் தம்மினும் இருமடங்கு எடையுள்ள மல்லரையும் எதிர்கொண்டு, எந்தப் பிடி உண்மையில் பயன்படும், எது பயன்படாது என்பதை அவர் தெரிந்துகொண்டார். இங்கிலாந்து, ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என நாடு நாடாகச் சென்றார். ஸ்பெயினில் இருந்தபோது 'கோண்டே கோமா' என்ற மேடைப்பெயரைச் சூடிக்கொண்டார். கோண்டே என்றால் பிரபு. 'கோமா' என்பது இக்கட்டில் இருப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் சுருக்கம் என்பர். கையில் காசில்லாத பிரபு தமக்குத் தாமே வைத்துக்கொண்ட வேடிக்கைப் பெயர் போலும்.

1914இல் பிரேசிலை அடைந்த மயேதா, பின்னர் அமேசான் ஆற்றின் முகப்பில் உள்ள பெலெம் நகரில் தங்கினார். ரப்பர் வணிகத்தால் செழித்திருந்த அந்நகரம் அப்போது நலிந்துகொண்டிருந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் அமைத்த தோட்டங்களிலிருந்து மலிவான ரப்பர் சந்தைக்கு வந்ததே காரணம். அத்தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத மக்களின் வாழ்க்கை இப்படியும் பிணைந்து கிடக்கிறது.

பெலெமில் மயேதாவிடம் பயின்ற இளைஞர்களுள் ஒருவர் கார்லோஸ் கிரேசி. 1902இல் அங்கேயே பிறந்தவர். அவர் கற்ற காலம் நீண்டதன்று. அவருடைய குடும்பம் ரியோ டி ஜெனீரோவுக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் கார்லோஸ் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தம்பியருக்குக் கற்பித்தார், 1920களில் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். தம்பியருள் இளையவரான ஹீலியோ மெலிந்த உடலினர். பெருவலிமை வேண்டும் பிடிகள் அவருக்குக் கைகூடவில்லை. ஆகவே நெம்புகோல் தத்துவத்தால் செய்யத்தக்கவாறு அவற்றை மாற்றிப் பழகினார் என்று அக்குடும்பத்தினர் கூறுவர்.

அம்மாற்றம் எத்தகையது என்பதை ஒரு நிலையைக் கொண்டு விளக்கலாம். நம் நாட்டுக் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. பிரேசிலிய முறையிலோ முதுகு தரையில் பட்ட பின்னரே ஆட்டத்தின் பெரும்பகுதி தொடங்குகிறது. கீழே கிடப்பவர் தம் கால்களால் மேலிருப்பவரின் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொள்வார். மேலிருப்பவர் எவ்வளவு எடையுள்ளவராயினும் எளிதில் முன்னேற இயலாது. அவர் கையை ஊன்றினால், கீழிருப்பவர் அக்கையைப் பற்றித் தம் இடுப்பை முட்டாக வைத்து வளைப்பார். ஒரு கைக்கு எதிராக உடல் முழுவதும் செயற்படுவதால் வலியவரும் பணிய வேண்டும். பணிவதன் அடையாளம் எதிராளியின் உடலையோ தரையையோ கையால் தட்டுவது. தட்டிய கணமே பிடி தளர வேண்டும். இது மீறக்கூடாத விதி. தட்டுதல் இழிவாகக் கருதப்படுவதில்லை. ஒரே வகுப்பில் ஒருவர் பலமுறை தட்டுவார், பலமுறை தட்டவும் வைப்பார். எலும்பு முறியாமல் முழு வலிமையோடு பழகுவதற்கு இவ்விதியே இடமளிக்கிறது. புதிதாக வந்த மாணவருக்குப் பிடியைக் கற்றுத்தருவதற்கு முன், எப்போது தட்ட வேண்டும் என்பதைக் கற்றுத்தருவதே நல்ல பயிற்றுநரின் முதல் வேலை.

மயேதாவின் மாணவர் மரபு கிரேசி குடும்பத்தோடு முடியவில்லை. லூயிஸ் பிரான்சா என்பவர் வழியாக வந்த மற்றொரு கிளையில் ஒஸ்வால்டோ ஃபாதா என்னும் பயிற்றுநர் தோன்றினார். கிரேசி பள்ளியில் பயின்றோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். ஃபாதாவோ ரியோவின் புறநகரில் உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் 1950இல் பள்ளி திறந்து, கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கும் கற்பித்தார். 1950களில் அவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கிரேசி பள்ளியோடு மோதினார், வெற்றியும் பெற்றார். கால்களை மடக்கும் பிடிகளில் அவருடைய மாணவர்கள் வல்லவர்கள். அப்பிடிகளைப் 'புறநகர்க்காரன் உத்தி' என்று சிலர் எள்ளினர். இன்று உலகின் சிறந்த வீரர்கள் அவற்றை முயன்று கற்கின்றனர்.

தாம் தொடங்கி வைத்த கலை ரியோவில் வளர்ந்துகொண்டிருந்தபோது, மயேதா பெலெமிலேயே இருந்தார். முதுமையில் அவரை ஈர்த்தது மற்போரைவிடத் தம் நாட்டு மக்களின் குடியேற்றமே. 1929இல் அமேசான் காட்டுப் பகுதியான தோமே-அசுவில் ஜப்பானியக் குடும்பங்கள் குடியேற அவர் துணைநின்றார். குடியேறியவர்களை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. பலர் ஊரைவிட்டு வெளியேறினர். 1933இல் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட சில மிளகுக் கன்றுகளே பின்னாளில் அவ்வூரைச் செல்வச் செழிப்பாக்கின. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த அதே மிளகுதான். அந்தச் செழிப்பைக் காண மயேதா இருக்கவில்லை. 1941 நவம்பரில், ஜப்பானுக்குத் திரும்பாமலே, பெலெமில் காலமானார்.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் பலவகைப் போர்க்கலை வீரர்கள் மோதிய போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ், தம்மினும் பெரிய உடலினரைப் பணியவைத்து வென்றார். அதன்பின் இக்கலை உலகெங்கும் பரவியது.

இதே கோடோகானின் ஆசிரியர் ஒருவர் இந்தியாவுக்கும் வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. தாகூரின் அழைப்பை ஏற்று, ஷின்சோ தகாகாகி 1929இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். மாணவர்களோடு மாணவியரும் அவரிடம் பயின்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அவ்வாறு சாந்திநிகேதனில் பயின்றவர்களுள் ஒருவர். பெண்கள் மேடையேறி நடனமாடுவதே வியப்பாகப் பார்க்கப்பட்ட காலம் அது! ஆனால் ஆசிரியரை நிலையாக வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். கல்கத்தாவில் எவரேனும் பொறுப்பேற்க வேண்டும் என்று தாகூர் முயன்றார், எவரும் முன்வரவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தகாகாகி விடைபெற்றார். பெலெமில் ஒரு கார்லோஸ் தம்பியரை அழைத்து உட்கார வைத்துக் கற்பித்ததுபோல இங்கே நிகழவில்லை.

எனவே இன்று மும்பையில் பயிலப்படும் ஜியு-ஜிட்சு சாந்திநிகேதனிலிருந்து வந்ததன்று. தோக்கியோவில் புறப்பட்டுப் பெலெம், ரியோ வழியாகப் பூமியைச் சுற்றி வந்தது. இதில் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு எனக் கச்சைகள் உண்டு. கறுப்புக் கச்சை பெறப் பலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. சிறுவர்க்கெனத் தனி நிறங்கள் இருக்கின்றன. பயிற்றுநர் ஒருவரிடம், "உங்களுக்குக் கச்சை கட்டியவர் யார்?" என்று கேட்டால், தம் ஆசிரியரின் பெயரையும் அவருக்குக் கற்பித்தவரின் பெயரையும் வரிசையாகச் சொல்வார். ஐந்தாறு பெயர்களுக்குள் அவ்வரிசை பெரும்பாலும் மயேதாவிடம் போய்ச் சேர்ந்துவிடும்.