வீட்டுக் கணிப்பொறியும் சங்கத்தின் கணக்கும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்தின் இலவசப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் நிறுத்திக்கொண்டனர். 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் உலகெங்கும் உழைத்த தளம் அது. அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் இம்முடிவுக்கும், தறியிலும் கழனியிலும் பாடுபடும் நமக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். அத்தொடர்பு மிக நெருக்கமானது. அதனை விளக்கி, நாம் செய்யத்தக்கன யாவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருநாவலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் கணிப்பொறி இன்று புதுமைப் பொருள் அன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகப் பல எளிய குடும்பங்களுக்கு முதன்முதலாகக் கணிப்பொறி கிட்டியது. பிள்ளையின் படிப்புக்கென வந்த அப்பொறி, நாளடைவில் குடும்பம் முழுமைக்கும் உரியதாயிற்று. தந்தையின் சிட்டா, அடங்கல் நகல்களும், தாயாரின் மகளிர் குழுக் கணக்கும், பயிர்க் காப்பீட்டு ரசீதும், நூல் வாங்கிய விவரமும், கூலிப் பட்டியலும் அதனுள் இடம்பெற்றன. சங்க நிர்வாகத்தில் பங்கு கொண்டோர் இல்லங்களிலோ, ஏனைய அங்கத்தினரின் ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கமும்கூட அதில் தங்கிவிடுவதுண்டு. அலமாரியில் பூட்டிவைத்தற்குரிய பத்திரங்கள் இவை. பூட்டு பழுதாயின் கவலை கொள்வோம் அல்லவா? இயங்குதளத்தைப் பற்றிய கவலையும் அத்தகையதே.

பராமரிப்பு நிற்பதன் பொருள்

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் இயக்கி, பிற மென்பொருள்கள் வேலை செய்ய இடங்கொடுக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். பல கோடி வரிகளால் ஆகிய அதனுள் குறைகள் மறைந்து கிடப்பது இயல்பு. அக்குறைகள் தெரியவரும்போதெல்லாம், அவற்றை அடைக்கும் திருத்தங்களைத் தயாரிப்பாளர் மாதந்தோறும் அனுப்புகின்றனர். பராமரிப்பு நின்றது என்றால், இத்திருத்தங்கள் வருவது நின்றது என்பது பொருள்.

ஏரிக்கரையை ஆண்டுதோறும் குடிமராமத்துச் செய்து காத்த நம் முன்னோர்க்கு இதனை விளக்க வேண்டுவதே இல்லை. மராமத்து நின்ற அன்றே கரை உடைவதில்லை. கோடையில் பார்ப்போர்க்கு யாதொரு குறையும் தோன்றாது. மழை வரும்போதுதான் எலிவளையின் வழியே நீர் கசிந்து உடைப்பெடுக்கும். பழைய தளமும் முன்போலவே ஓடும். ஆயினும், புதிய தளத்துக்காக வெளியிடப்படும் ஒவ்வொரு திருத்தமும், பழைய தளத்தில் அதே ஓட்டை எங்குள்ளது என்பதைத் தீயோர்க்குக் காட்டிக்கொடுப்பதாகவும் அமைகின்றது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் பரவத் தொடங்கியது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி, திறந்துவிடப் பணயத்தொகை கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. கேரளத்தின் வயநாட்டுப் பகுதியில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் இதற்கு இரையாயின. சிற்றூர் அலுவலகம் என்று அந்நிரல் விலக்கு அளிக்கவில்லை. அக்குறையை அடைக்கும் திருத்தமோ அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாளே வெளிவந்துவிட்டது. துன்புற்றோருள் பெரும்பாலார் அதனைப் போட்டுக்கொள்ளாதிருந்தவர்களே.

கூட்டுறவுத் துறைக்கு நேர்ந்த அனுபவமும் ஒன்றுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கிவந்த 'சி-எட்ஜ்' நிறுவனம் இத்தகைய பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அதனால் ஏறத்தாழ முந்நூறு சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் பணம் அனுப்பவும் பெறவும் இயலாது தடைப்பட்டனர். அத்தாக்குதலுக்குக் காரணம் பழைய இயங்குதளம் என்று நாம் கூறவில்லை. ஓரிடத்துப் பழுது எத்தனை இல்லங்களைத் தொடும் என்பதற்கே அதனை எடுத்துக்காட்டினோம்.

மறுபக்கத்துக் கவலை

இவ்வளவும் கேட்டபின், உடனே புதிய தளத்துக்கு மாறிவிடுவோம் என்று சொல்லத் தோன்றும். ஆனால், புதிய தளம் நம்மைப் பற்றி அதிகம் அறிந்துகொள்ள விழைகின்றது என்று தயங்குவோரும் உளர். அத்தயக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று.

2021ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 தளத்தின் வீட்டுப் பதிப்பு, முதன்முதல் நிறுவும்போது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கின்றது. இருக்குமிடம், விளம்பர அடையாளம், பயன்பாட்டு விவரம் ஆகியவற்றுக்கு இசைவு கோருகின்றது. 'ஒன்டிரைவ்' என்னும் வசதிக்கு ஒப்புதல் தந்தால், நம் ஆவணக் கோப்புறைகள் இணையச் சேமிப்பகத்துக்குச் செல்கின்றன. 2024ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 'ரீகால்' என்னும் வசதியோ, திரையில் தோன்றுவனவற்றைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமிப்பது. வல்லுநர்களின் கண்டனம் எழுந்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டு, உரிமையாளர் விரும்பினாலன்றி இயங்காதவாறு திருத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் வெளிவந்தது. தனிவகைப் புதுப் பொறிகளில் மட்டுமே அது இயங்கும். நம் வீடுகளிலுள்ள பழைய பொறிகளுக்கு அது பொருந்தாது.

ஈண்டு ஒரு வேற்றுமையை அங்கத்தினர் மனத்திற் கொள்ள வேண்டும். நம்முடைய விவரத்தை யாருக்குத் தருவது என்பது நம் விருப்பம். பிற அங்கத்தினரின் விவரமோ நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். அதனைப் பழைய தளத்தில் வைத்துத் திருடர்க்கு இடங்கொடுப்பதும் தவறு. ஆராயாது இசைவுப் பொத்தானை அழுத்தி அயலார் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் தவறு. தனியுரிமைக் கவலையைக் காரணம் காட்டிப் பழையதிலேயே தங்குவோர், ஒரு வாயிலுக்கு அஞ்சி மற்றொரு வாயிலைத் திறந்து வைத்தோராவர். ஆகவே, மாற வேண்டும். விழிப்போடு மாற வேண்டும்.

படி ஓலையும் மூல ஓலையும்

மாறுமுன் செய்யவேண்டிய முதற்பணியை நம் ஊர்க் கதையே கற்பிக்கின்றது. திருநாவலூரில் தோன்றிய சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், அவர் தமக்கு அடிமை எனக் கூறி ஓலை ஒன்றைக் காட்டினார். சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படி ஓலையே என்றும், மூல ஓலை வேறாக உள்ளது என்றும் கூறிய முதியவர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதனை எடுத்துக்காட்டினார். சபையோர் அத்தோடு அமையாது, சுந்தரரின் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

பக்தி நூலாகப் போற்றும் இவ்வரலாற்றில் ஆவணக் காப்பின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது. ஆவணம் ஒன்றுக்கு இரண்டு இருத்தல் வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் இருத்தல் கூடாது. படித்துப் பார்த்து ஒப்பிட்ட பின்னரே அது ஆவணமாகும். இயங்குதளம் மாற்றும் நாளில் மின்சாரம் தடைப்படலாம். பழைய ஹார்டு டிஸ்க் செயலிழக்கலாம். படி எடுத்து வைத்தவர்க்கு அன்று அச்சமில்லை.

செய்யும் முறை

1. கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ படியெடுக்க. அதனை மற்றொரு பொறியில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க. பார்த்தபின் பொறியினின்று கழற்றிப் பூட்டி வைக்க. எப்போதும் செருகியே இருக்கும் படியைப் பணயத் தாக்குதல் சேர்த்தே பூட்டிவிடும்.

2. பழைய தமிழ்க் கடிதங்கள் எந்த எழுத்துருவில் உள்ளன என்று காண்க. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அவ்வெழுத்துரு இல்லாத புதிய தளத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுத்துருக் கோப்பையும் உடன் படியெடுக்க. முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்க.

3. பொறி தகுதியுடையதா என்று ஆராய்க. விண்டோஸ் 11 தளத்துக்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏற்பளிக்கப்பட்ட செயலி ஆகியவை வேண்டும். 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவசக் கருவி இதனைச் சொல்லிவிடும். முறைப்படி உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள தகுதியான பொறிக்கு இம்மாற்றம் கட்டணமின்றிக் கிட்டும்.

4. தளத்தை அந்நிறுவனத்தின் சொந்த வழியே மட்டும் பெறுக. கடைத்தெருவில் மலிவாகப் போட்டுத்தரும் திருட்டுப் பிரதியில், பூட்டோடு திருடனும் சேர்ந்து வரக்கூடும். "உங்கள் கணிப்பொறி காலாவதியாயிற்று" என்று தொலைபேசியில் அழைப்போரை நம்பற்க. ஏமாந்து பணம் இழந்தோர் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க.

5. நிறுவும்போது கேட்கப்படும் இசைவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டாதவற்றை மறுக்க. கட்டாயமான சில குறிப்புகள் எவ்வாறாயினும் செல்லும், ஏனையவற்றை நிறுத்தலாம். அங்கத்தினர் ஆவணங்கள் உள்ள கோப்புறையை ஒன்டிரைவோடு இணைக்கற்க.

6. புதிய தளம் ஹார்டு டிஸ்க்கைத் தானே மறைகுறியாக்கம் செய்துவிடுவதுண்டு. அதனைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. அது தொலைந்தால் உரிமையாளரும் தம் கோப்பைக் காண இயலாது.

7. பழைய பொறியை விற்குமுன் ஹார்டு டிஸ்க்கை முற்றிலும் அழிக்க. இயலாவிடின் கழற்றி வைத்துக்கொள்க.

தகுதியற்ற பொறிக்கும் வழியுண்டு

2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பொறிகளுட் பெரும்பாலானவை விண்டோஸ் 11 தளத்தை ஏற்கா. அவற்றைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தவணையே அன்றி விடுதலை அன்று.

நிலையான வழி லினக்ஸ் ஆகும். இவ்வழியில் தமிழகம் முன்னரே நடந்திருக்கின்றது. 2006-07 ஆண்டுகளில், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் 'சூசே லினக்ஸ்' தளத்துக்கு மாற்றிக்கொண்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி தளத்தின் பராமரிப்பு முடிவுற்றபோது, 'பாஸ் லினக்ஸ்' தளத்தைப் பயன்படுத்துமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அது சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி, 2007ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இந்தியத் தளம். மாணவர்க்கு அளித்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. திறந்து பாராதார் பலர்.

லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய பொறியிலும் ஓடும். பொதுவாக அயலார் கணக்கு எதனையும் கேட்பதில்லை. ஆயினும் குறைகளையும் கூறவேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களும், சில அச்சுப்பொறிகளும், கைரேகைக் கருவிகளும், மின்கையொப்பச் சாதனங்களும் அதில் இயங்காதிருக்கலாம். ஆகவே, பென் டிரைவிலிருந்து சில நாள் ஓட்டிப் பார்த்து, நம் வேலை நடக்கின்றது என்று தெளிந்த பின்னரே நிறுவுதல் அறிவுடைமை.

சங்கத்தின் கடமை

2022ஆம் ஆண்டு ஜூனில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பேரேடு கணிப்பொறிக்குள் செல்லும் காலம் இது. 2023ஆம் ஆண்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. அங்கத்தினர் விவரத்தைக் காப்பது இனி நற்பண்பு மட்டுமன்று. படிப்படியாக நடைமுறைக்கு வரும் சட்டக் கடமையுமாகும்.

எனவே, ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்து ஆராய்தல் நன்று. சங்க ஆவணங்கள் எந்தெந்த இல்லத்துப் பொறிகளில் உள்ளன என்று பட்டியலிடுக. தேவையற்ற ஆதார் நகல்களை அழித்துவிடுக. ஊரில் கணினி பயின்ற இளைஞர்களை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குக. ஒருவர் வீட்டில் தனியே செய்ய அஞ்சும் வேலையைப் பத்துப்பேர் கூடிச் செய்தால் அச்சமும் குறையும், செலவும் குறையும். அவ்வாறு செய்வதற்கே நாம் சங்கம் கண்டோம்.

அடுத்த மாதக் கூட்டத்திற்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டுப் பொறியில் எத்தளம் உள்ளது என்பதையேனும் பார்த்து வருவாராக. படி ஓலை எடுக்கும் பணியை அன்றே தொடங்கலாம்.