மார்க்கு குறைந்தால் மக்குப் பிள்ளையா?

42-ல் இருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். ஒரு பையன் 35 என்று விடை எழுதினான்.

தப்பு! சரியான விடை 25.

வாத்தியார் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகலாம். பையன் நோட்டோடு வீட்டுக்குப் போவான். “உனக்குக் கணக்கே வராது” என்று அப்பா திட்டுவார். அதோடு சரி.

நல்ல வாத்தியார் அப்படி விடமாட்டார். “இந்த 35 எப்படி வந்தது, தம்பி?” என்று கேட்பார்.

“7-ல் 2 போனால் 5. 4-ல் 1 போனால் 3. ஆக, 35 சார்!” என்பான் பையன்.

நோய் தெரிந்துவிட்டது

பார்த்தீர்களா? பையனுக்குக் கழிக்கத் தெரிகிறது. 2-ல் 7 போகாது, பக்கத்தில் இருந்து ஒரு பத்தைக் கடன் வாங்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு மருந்து பிரம்பு அல்ல, ஈர்க்குச்சி! பத்துப் பத்துக் குச்சிகளாக 4 கட்டு. உதிரியாக 2 குச்சி. மொத்தம் 42. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி 12 ஆகும். அதில் 7 போனால் 5. மீதி உள்ள 3 கட்டில் ஒன்று போனால் 2. விடை 25.

அடுத்த நாள் வேறு ஒரு கணக்கைக் கொடுத்து, புரிந்ததா என்று வாத்தியார் பார்ப்பார்.

பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வகுப்புப் பரீட்சையின் வேலை. மார்க்கு வெறும் அடையாளம். காய்ச்சலுக்கு வெப்பமானி வைப்பது போல! வெப்பமானியைப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்காமல் போகும் டாக்டர் உண்டா?

ஆரணி வீடுகளில்

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர்.

இந்த வட்டாரத்தில்தான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தகப்பனுக்கு, பிள்ளையின் நோட்டைப் புரட்ட நேரம் ஏது? படிக்காத தாய்க்கு, நோட்டில் இருப்பது சரியா, தப்பா என்று எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு வாத்தியார்தான் கதி. அவர் கவனிக்காமல் விட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே பிள்ளை வகுப்புக்கு வகுப்பு தாண்டிப் போய்விடும்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா காலத்தில் இந்த ஆபத்து எல்லா வீட்டுக்கும் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மீண்டும் திறந்தன. படிப்பு விட்டுப் போயிற்று.

இந்தக் குறையைப் போக்க, “எண்ணும் எழுத்தும்” திட்டம் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், 2022 ஜூன் 13-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார்.

முதலில் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று வாத்தியார் சோதித்துப் பார்ப்பார். பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. வகுப்புப் பாடத்துக்குத் தயாரான பிள்ளை மலர். இடையில் உள்ளது மொட்டு. நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுப்பார்கள். முன்னேறினால் அரும்பு மொட்டு ஆகும், மொட்டு மலரும்!

ஒருவன் “தேன்” என்பதைத் “தென்” என்று படிக்கிறான். அவனுக்கு இரட்டைக் கொம்புதான் தகராறு. அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். முழுப் பாடத்தையும் பத்துத் தடவை எழுதச் சொல்வது வீண் வேலை.

சீமைக்குப் போன திண்ணைப் பள்ளி

இது புது யோசனை அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். வாத்தியாரின் கண் எதிரிலேயே தப்பு தெரியும். அந்த நிமிஷமே அழித்துத் திருத்தலாம்.

சென்னை எழும்பூரில் அனாதைப் பையன்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்து வியந்தார். தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்படி செய்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். “மதராஸ் முறை” என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தில் “மதராஸ் காலேஜ்” என்ற பள்ளி இன்றும் இருக்கிறது!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை பரீட்சைத் தாளோடு வரும்போது, “எத்தனை மார்க்கு?” என்று முதலில் கேட்காதீர்கள். “எந்தக் கணக்கு தப்பாயிற்று? எப்படிப் போட்டாய்?” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் தெரியாதது இந்த மாதம் தெரிகிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே திக்குகிறது என்று வாத்தியாரிடம் போய்ச் சொல்லுங்கள்.

35 என்று எழுதிய பையன் மக்கு அல்ல. அவனுக்கு வேண்டியது ஒரு கட்டு ஈர்க்குச்சி, “எப்படி வந்தது, தம்பி?” என்று கேட்க ஒரு ஆள். அவ்வளவுதான்!